ஸ்டாக் கார் பந்தயத் தொழில்நுட்ப விதிகள்

ஸ்டாக் கார் பந்தயத் தொழில்நுட்ப விதிகள் என்பவை, பொதுமக்களுக்கு விற்கப்படும் தானுந்துகளை அடிப்படையாகக் கொண்ட பந்தயங்களில், வண்டியின் எப்பகுதிகளை மாற்றலாம், எவற்றை மாற்றக்கூடாது என்று வரையறுக்கும் விதிகள் ஆகும். ஸ்டாக் என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே உள்ள வண்டியைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இப்பெயரில் வளர்ந்த பந்தயத்துக்கு நெருக்கமான வகை இந்தியாவில் டூரிங் கார் பந்தயம் என அழைக்கப்படுகின்றது. போட்டியைச் சமமாக்குதல், செலவைக் கட்டுப்படுத்தல், ஓட்டுநரின் உயிரைக் காத்தல் ஆகியன இவ்விதிகளின் நோக்கங்கள் ஆகும்.

தமிழ்நாட்டில்

1953 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடமேற்கே சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. தானுந்து இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற மிகச் சில வகைகளே நாட்டில் தயாரிக்கப்பட்டன. எனவே சாலையில் ஓடும் வண்டியைத் திருத்திப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வதே பலருக்கும் வழியாக இருந்தது. பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் இக்கழகம் அமைத்த 3.717 கி.மீ நீளமுள்ள பந்தயத்தடம் 1990 இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியாவில் நான்கு சக்கர வண்டிப் பந்தயங்களுக்கான விதிகளை, பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் ஏற்புப் பெற்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வகுக்கின்றது. தேசியப் போட்டிகளில் இந்தியன் டூரிங் கார்ஸ், இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ், சூப்பர் ஸ்டாக் ஆகிய பிரிவுகள் இடம்பெற்றுள்ளன. பொறியின் கொள்ளளவு, அனுமதிக்கப்படும் மாற்றங்களின் அளவு ஆகியவற்றைக் கொண்டு இத்தகைய பிரிவுகள் வகுக்கப்படுகின்றன.

வண்டியின் ஏற்பு

பன்னாட்டு விதித்தொகுப்பின் 'ஜே' பின்னிணைப்பு, தயாரிப்பு வண்டிகளைக் குழுக்களாகப் பிரிக்கின்றது. 1990களில் 'என்' குழுவில் இடம்பெற, ஒரு வண்டி வகையில் தொடர்ச்சியான 12 மாதங்களில் குறைந்தது 2500 வண்டிகள் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பந்தயத்துக்கென்றே ஒரு சில வண்டிகளைச் செய்து, அவற்றைச் சந்தை வண்டி என்று காட்டுவதை இது தடுத்தது. ஏற்புப் பெற்ற வண்டியின் அளவுகளும் ஒளிப்படங்களும் ஒரு படிவத்தில் பதிவு செய்யப்படுகின்றன. பின்னர் எழும் ஐயங்களுக்கு அப்படிவமே சான்றாகும்.

சரிபார்ப்பு

பந்தயத்துக்கு முன் பாதுகாப்புக் கூண்டு, இருக்கைப் பட்டை, தீயணைப்பான், மின்னிணைப்புத் துண்டிப்பான் போன்றவை சோதிக்கப்படுகின்றன. பந்தயம் முடிந்ததும் வண்டிகள் தனி வளாகத்தில் நிறுத்தப்படுகின்றன. அங்கு அனுமதியின்றி எவரும் அவற்றைத் தொடக்கூடாது. எடை பார்க்கப்படுவதோடு, தேவைப்பட்டால் பொறி பிரிக்கப்பட்டு உருளையின் விட்டமும் உந்துதண்டின் வீச்சும் அளக்கப்படும். இச்சோதனை முடியும்வரை பந்தய முடிவு தற்காலிகமானதே.

முதல் தகுதிநீக்கம்

நாஸ்கார் அமைப்பு 1948 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஸ்டாக் கார் பந்தயம் 1949 சூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் நடந்தது. முதலாவதாக வந்த கிளென் டனவே, பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். கள்ளச்சாராயம் கடத்துவோர் தம் வண்டிகளில் செய்துவந்த மாற்றம் அது. ஜிம் ரோப்பர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். வண்டி உரிமையாளர் தொடுத்த வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டதால், விதிகளை வகுத்துச் செயற்படுத்தும் அமைப்பின் அதிகாரம் நிலைபெற்றது.

பாதுகாப்பு விதிகள்

பல விதிகள் விபத்துகளுக்குப் பின்னரே எழுதப்பட்டன. 1987 இல் டலடேகா தடத்தில் பாபி அலிசனின் வண்டி பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டு முதல் டலடேகா, டேடோனா தடங்களில் பொறிக்குள் செல்லும் காற்றைக் குறைக்கும் துளைத்தகடு கட்டாயமாக்கப்பட்டது. 2001 பெப்ரவரி 18 அன்று டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் தலை, கழுத்துத் தாங்கி அணிவது கட்டாயமானது.

இன்றைய நிலை

அமெரிக்கப் பந்தய வண்டி இன்று பெயரளவிலேயே ஸ்டாக் ஆகும். 2022 இல் அறிமுகமான புதிய தலைமுறை வண்டியின் பல பாகங்களை ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறுவனம் எல்லா அணிகளுக்கும் வழங்குகின்றது. அவ்வாண்டு சூலையில் போகோனோ தடத்தில் வென்ற டென்னி ஹாம்லின் வண்டியின் முன்புறத்தில் அனுமதியற்ற ஒட்டுப்பொருள் கண்டறியப்பட்டதால் வெற்றியை இழந்தார். இரண்டாவதாக வந்த கைல் புஷ்சும் தகுதிநீக்கம் செய்யப்பட, சேஸ் எலியட் வெற்றியாளரானார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் 1960 க்குப் பின் ஒரு வெற்றியாளர் தகுதிநீக்கம் செய்யப்பட்டது இதுவே முதல்முறை.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010 இல் நாஸ்காரின் சரக்குந்துத் தொடரில் போட்டியிட்டார். மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்த தம் முதல் பந்தயத்தில் 13 ஆவது இடம் பெற்றார். நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியர் இவர் ஆவார்.

இவற்றையும் பார்க்க

நரேன் கார்த்திகேயன்
இருங்காட்டுக்கோட்டை
சோழவரம்