பாலுக்கு ஹாலு, கோழிக்குக் கோடி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்ன மாதிரி இருக்கும். மண்டியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் இதை விளக்கிச் சொல்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. காயின் பெயர் வடமொழியில் ஏலா, கன்னடத்தில் ஏலக்கி, மலையாளத்தில் ஏலம். சரக்கு போன இடமெல்லாம் பெயரும் போயிருக்கிறது. கூவி விற்கிற ஏலத்துக்கு இந்தக் காயோடு சம்பந்தமே இல்லை. அது போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த லெய்லாவ். அவர்களுக்கு அது அரபியிலிருந்து கிடைத்தது. அல்-இஃலாம் என்றால் அங்கே அறிவிப்பு. ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொல்லுக்கு எந்த உறவும் இல்லாமல் போகலாம் என்பதற்குப் போடி சந்தையை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியானால் உறவை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஒற்றுமையை வைத்து அல்ல, ஒழுங்காக வேறுபடுவதை வைத்து. அரபியில் தலைக்கு ரஃஸ், எபிரேயத்தில் ரோஷ். நாக்கு அங்கே லிசான், இங்கே லாஷோன். உத்தமபாளையத்தில் நாம் கேட்கிற சலாம் எபிரேயத்தில் ஷாலோம். ச வர வேண்டிய இடத்தில் ஷ வருகிறது, அதுவும் திரும்பத் திரும்ப. செங்கடலைத் தாண்டினால் இவ்வளவு சுலபமில்லை. வாய்க்கு, அரபியையும் எபிரேயத்தையும் போலச் செமித்திய மொழியான அம்ஹாரியிலும் அஃப், குஷித்திய மொழியான சோமாலியிலும் அஃப். ஆதி உறவா, அக்கம்பக்கத்தில் வாழ்ந்து கைமாற்றிக்கொண்டதா? ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. செமித்தியமும் குஷித்தியமும் அடங்கும் பெருங்குடும்பத்தின் மூலச் சொற்களை மீட்டுத் தர 1995இல் மொழியியலாளர் எஹ்ரெட் ஒரு நூலும், ஓரெலும் ஸ்டோல்போவாவும் சேர்ந்து இன்னொரு நூலும் வெளியிட்டார்கள். ஒன்று வகுத்த ஒலிப்பொருத்தம் மற்றதோடு பெரும்பாலும் சேரவில்லை.

நம் தென்னாட்டு மொழிகளில் அந்தத் திண்டாட்டம் இல்லை. கம்பத்தில் ஒக்கலிகக் காப்பிலியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலே போதும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ஊரில் வாழ்ந்தும் வீட்டுக்குள் கன்னடம் விடாதவர்கள் அவர்கள். கன்னடத்தில் பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பன்றி ஹந்தி. பழைய கன்னடத்தில் பால் பாலாகத்தான் இருந்தது. பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல ப தேய்ந்து ஹ ஆனது. பசு வடமொழியிலிருந்து முன்பே வந்து குடியேறிவிட்டதால் அதுவும் சேர்ந்து ஹசு ஆகிவிட்டது.

1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெஜட்டீரில் இந்தக் காப்பிலியரின் மாட்டு மந்தையைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. கோயிலுக்கு விட்ட மந்தைக்குத் தேவரு ஆவு என்று பெயர். அதன் தலைவன் பட்டத ஆவு. அது செத்தால் மனிதருக்குச் செய்வது போலச் சடங்கெல்லாம் செய்து அடக்குவார்கள். பிறகு மாட்டுப் பொங்கலன்று மந்தையை ஆற்றோரம் ஓட்டிவந்து, சூடம் வாழைப்பழம் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு, ஒரு கட்டுக் கரும்பைப் போடுவார்கள். முதலில் வந்து கரும்பில் வாய் வைக்கிற மாட்டுக்குப் பட்டம். மஞ்சளும் குங்குமமும் மாலையும் அதற்குத்தான்.

எனக்கு அந்தப் பெயர்கள் மேல்தான் கண். ஆவு நம் ஆ, ஆவின் பால் என்கிறோமே அதே ஆ. பட்டத என்பது நம் பட்டத்து. மரத்து என்று நாம் சொல்வதைக் கன்னடம் மரத என்னும். சொல்லைக் கடன் வாங்கலாம், இந்த மாதிரி உருபை யாரும் சந்தையில் வாங்கி வருவதில்லை. பட்டத்தின் ப மட்டும் ஏன் ஹ ஆகவில்லை? பட்டம் வடமொழிச் சொல், அந்தத் தேய்மானம் அதைத் தொடவில்லை. ஒரே வடமொழிதான், பசு மாட்டிக்கொண்டது, பட்டம் தப்பித்தது.

தமிழ்தான் எப்போதும் மூத்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் செவியைக் கவனிக்க வேண்டும். கன்னடத்தில் அது கிவி. சேரி அங்கே கேரி. இங்கே பழைய க-வை வைத்திருப்பது கன்னடம், ச ஆக்கிக்கொண்டது நாம்.

போடி, தேவாரம், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் எல்லாம் நாயக்கர் பாளையங்கள். வைரமுத்துவின் வடுகபட்டி பெயரிலேயே வடுகர், அதாவது வடக்கேயிருந்து வந்த தெலுங்கர். தெலுங்கில் ஏழு ஏடு, கோழி கோடி. நம் ழ அங்கே ட ஆகிறது, கன்னடத்தில் ள ஆகிக் கோளி. மலையேறிக் குமுளிக்குப் போனால் கோழி பத்திரமாகக் கோழியாகவே இருக்கிறது, ஆனால் கஞ்சி கஞ்ஞி ஆகிறது, மாங்காய் மாங்ங ஆகிறது. இஞ்சி அங்கேயும் இஞ்சிதான். விதி என்றால் ஒன்றிரண்டு அடங்காப்பிடாரிகள் இருக்கத்தான் செய்யும்.

இதையெல்லாம் முதலில் அச்சில் நிறுவியவர் கால்டுவெல் என்றே பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறோம். அவருடைய ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். அதற்கு நாற்பது ஆண்டு முன்னால், 1816இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு ஒரு குறிப்பாக, சென்னை கலெக்டர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் அதைச் சொல்லிவிட்டார்: தெலுங்கின் வேர்கள் வடமொழியிலிருந்து வந்தவை அல்ல, தமிழோடும் கன்னடத்தோடும் ஒரே குடும்பம். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொல் பட்டியல் இல்லாமல் அது நடந்திருக்காது. தூணில் பெயர் பொறிக்கும்போது இவரை மறந்துவிடுகிறோம்.

எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். நம் தேனிப் பகுதிக்கும் சேர்த்து அப்போது ஒரே கலெக்டர், மதுரை கலெக்டர். அந்தப் பதவியில் இருந்தவரிடம் எல்லிஸின் காகிதங்கள் போயின. அந்தக் கலெக்டரின் சமையல்காரர் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் மாதக்கணக்கில் அவற்றைப் பயன்படுத்தினார் என்று சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். எலியட் தன் கைக்குக் கிடைத்த மிச்சத்தை ஜி.யு. போப்பிடம் கொடுத்தார். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டில், போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.