இரு மொழிக் கையெழுத்தும் ஒப்பாய்வும்

கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அந்த விசாரணை பற்றிய முதன்மைச் சான்று, மேஜர் பானர்மன் மதராஸ் அரசுக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய அறிக்கையாகும். எழுதிய கை எவருடையது எனக் கையெழுத்து வல்லுநர் கூறலாம். வேற்று மொழியில் பேசிய வாய் சொன்னது அதுதானா எனக் கூற அவரால் ஆகாது. பேசியவரும் எழுதியவரும் வேறுவேறாகும்போது எழும் சிக்கல் இது. ஒருவரே இரு மொழிகளில் எழுதும்போது எழுவதோ இன்னும் நுட்பமானது.

பள்ளியில் தமிழும் மதரஸாவில் அரபும் பயின்ற ஒருவர் இரண்டிலும் ஒப்பமிடக்கூடியவர். அவருடைய கரிசல் நிலத்தின் கிரயப் பத்திரத்தில் அரபு எழுத்தில் ஒப்பம் இருக்கிறது என்று கொள்வோம். வாரிசுகளிடம் உள்ள மாதிரிகளோ தமிழ் ஒப்பங்கள் மட்டுமே. தமிழில் எழுத்துகள் தனித்தனியே இடமிருந்து வலமாக நடக்கும். அரபில் பெரும்பாலும் பிணைந்து வலமிருந்து இடமாக ஓடும். எழுதுகோலின் அழுத்தம், சொல்லிடைவெளி, வரி ஏறி இறங்கும் பாங்கு ஆகியவை ஒத்திருப்பினும் அவை குறிப்புகளே; ஆளை அடையாளம் காட்டப் போதா. எழுத்தை அதே எழுத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அரபுத் தமிழில் தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்கக் கூடுதல் புள்ளிகள் இடப்படும். அவற்றை இடும் விதத்தில் ஒருவரது பழக்கம் பதிந்திருக்கும். அதையும் அவர் எழுதிய மற்றோர் அரபுத் தமிழ் ஏட்டோடு வைத்தே காண இயலும்.

தமிழ் வரிவடிவத்திலும் பொறி உண்டு. 1950 எனத் தேதியிட்ட பத்திரத்தில், 1978இல் அரசு ஏற்ற சீர்திருத்த ‘லை’, ‘னை’ காணப்பட்டால் ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் பெரியாரின் ‘குடி அரசு’ 1935 முதலே அவ்வடிவங்களைக் கையாண்டது. ஆகவே அது மட்டும் போலிக்குச் சான்றாகாது.

ஒரு கையெழுத்து மற்றொன்றைப் போலிருக்கும் என்பது ஃபிக்ஹு நூலோரின் பழைய எச்சரிக்கை. அல்-பகரா 282ஆம் வசனம் கடனை எழுதச் சொல்வதோடு சாட்சிகளையும் வேண்டுகிறது. மாலிக்கி அறிஞர்கள் கையெழுத்துச் சாட்சியத்துக்குச் சற்று இடமளித்தனர். உதுமானியரின் ‘மஜல்லா’வின் 1736ஆம் விதி, எழுத்தையும் முத்திரையையும் மட்டும் நம்பிச் செயற்படலாகாது என்றது, மோசடி ஐயம் அற்றவற்றுக்கு மட்டும் விலக்களித்தது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 73ஆம் பிரிவில் நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்க்க வழிவகுத்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 72ஆம் பிரிவாக உள்ளது. 1967இல் ஃபக்ருத்தீன் வழக்கில் நீதியரசர் ஹிதாயத்துல்லாஹ், வல்லுநர் கருத்தை நீதிமன்றம் தன் கண்ணாலும் சரிபார்க்க வேண்டும் என்றார். அரபு எழுத்தையே அறியாத நீதிபதி எதைச் சரிபார்ப்பார் என்ற வினா அங்கே எழாமல் இராது.

அத்தகைய வழக்கில் கைகொடுக்கக்கூடியவை ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகள். மணமகனும் வலீயும் சாட்சிகளும் தத்தம் எழுத்தில் ஒப்பமிட்ட ஏடுகள் அவை. அவற்றைக் கரையானுக்கு விட்டுவிட்டால், பாட்டனாரின் அரபு ஒப்பத்துக்கு ஒப்பிட வேறு மாதிரி கிடைப்பது அரிது.