கடலடியில் ஓர் ஆறு

இரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுத்த காலத்தை அறிந்த பேராக் பெரியோர்க்கு மெட்ரோலாக் என்னும் கருவியைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. பாலில் அதனை மிதக்கவிட்டு, அது அமிழும் அளவைக் கொண்டு இரப்பர் எவ்வளவென்று கணித்தனர். இரப்பர் மிகுந்த பால் இலேசு. நீர் சேர்ந்தது கனம். அத்தகைய மிதவைக் கருவியொன்றே, கடலடியில் ஓடும் எதிர்நீரோட்டத்தின் காரணத்தை அறியவும் துணை செய்தது.

1679-ஆம் ஆண்டில், லூயிஜி மார்சிலி என்னும் இருபத்தொரு வயது இத்தாலிய வாலிபர், இன்று இஸ்தான்புல் எனப்படும் நகருக்குச் சென்றார். அங்குள்ள பாஸ்பரஸ் நீரிணையில், கருங்கடல் நீர் மேற்பரப்பில் தெற்கு நோக்கி விரைகின்றது. ஆயினும் அடியில் வெள்ளம் வடக்கே ஓடுவதாக மீனவர் கூறினர். கற்றோர் பலர் பாமரர் சொல்லென்று தள்ளியிருக்கக்கூடியதை, மார்சிலி செவிமடுத்தார். ஆனால் கேட்டவுடன் நம்பிவிடவுமில்லை. வெள்ளை பூசிய தக்கைகளைக் கயிற்றிற் கட்டி ஆழத்தில் இறக்கினார். மேலுள்ளவை ஒருபுறம் சாய, கீழுள்ளவை எதிர்ப்புறம் சாய்ந்தன. மீனவர் சொன்னது மெய்யாயிற்று.

காரணம் யாது? இருவகை நீரையும் மிதவைக் கருவியால் அளந்தபோது, பல பேராறுகள் வந்து கலக்கும் கருங்கடலின் நீர் இலேசென்றும், அடிநீர் உப்பு மிகுந்து கனமுடையதென்றும் கண்டார். பின்னர் ஒரு பெட்டியை நடுவே தடுத்து, தடுப்பின் மேலும் கீழும் துளையிட்டு, ஒருபுறம் சாயமிட்ட கனநீரையும் மறுபுறம் இலேசான நீரையும் நிரப்பித் துளைகளைத் திறந்தார். கனநீர் கீழ்த்துளை வழியே புகுந்தது. இலேசான நீர் மேல்துளை வழியே திரும்பியது. 1681-இல் இவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது.

இது எங்கோ நிகழும் புதுமையன்று. நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் கடந்த வங்கக் கடலிலும் இவ்விதியே செயற்படுகின்றது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி ஆகிய நதிகளால் அக்கடலின் மேல்நீர் உப்புக் குறைந்தது. அரபிக் கடலோ உப்பு மிகுந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்காலத்தில், அரபிக் கடல் நீர் இலங்கையின் தெற்கே சுற்றி வந்து, வங்கக் கடலின் இலேசான நீருக்கடியில் நுழைகின்றது. உந்துவது காற்று, மேலோ கீழோ என்று இடம் வகுப்பது கனம். துருவக் கடல்களிலோ, நீர் உறையும்போது உப்புப் பின்தங்குவதால், குளிர்ந்த கனநீர் தானே ஆழ்ந்து, உலகக் கடல்களின் அடியில் மெல்லப் பரவுகின்றது.

யான் ஆங்கிலப் பள்ளியில் அடர்த்தி என்பதற்குரிய இலக்கணத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவன், பொருளை அறிந்தவனல்லேன். கிராணி வேலைக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் பலகை நிறுத்தி, உப்புநீரில் நீல மை கலந்து, தோட்டத்துச் சிறுவர் சிலருடன் அச்சோதனையைச் செய்தேன். நீல நீர் அடியில் ஊர்ந்து செல்லக் கண்ட ஒரு சிறுமி, "மேலே தெளிந்த நீர் எதிராக வருகிறதே!" என்று, யான் கூறுமுன் தானே கூறினாள்.

ஒரு பிடி உப்பும் சிறிது மையும் எந்தத் தமிழ்ப் பள்ளிக்கும் எட்டாத பொருள்களல்ல. பெரியோர் சொன்னதைக் கேட்கவும், கேட்டதைச் சோதித்துத் தெளியவும் நம் சிறுவர் பழகுவாராக. அன்றி, மனப்பாடம் ஒன்றே கல்வியென்று இருப்போமாயின், மேற்பரப்பை மட்டும் கண்டு கடலை அறிந்தோம் என்பவராவோம்.