நீல விளக்கும் இல்லாத பவளமும்

தென்னூர் வீட்டு மாடியில் பேரன் அலுமினியத் தகட்டில் சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகளை ஈயப்பற்று வைத்துக்கொண்டிருந்தான். கடல்மீன் தொட்டிக்காம். பாதிக்குமேல் நீலம். ஏன் என்று கேட்டேன்.

சூரிய ஒளியின் சிவப்பைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடும். நீலம்தான் ஆழம் போகும். பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி அந்த ஒளியில் உணவு தயாரித்து, வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கும். முன்பெல்லாம் இதற்கு மெட்டல் ஹாலைடு விளக்கு போட்டார்கள். அதன் சூட்டில் தண்ணீர் கொதிக்காத குறைதான். குளிரவைக்கத் தனி இயந்திரம் வேண்டும். 1990-களில் ஜப்பானில் நாகமுரா பளிச்சென்ற நீல எல்.இ.டி.யைச் செய்தபின்தான் வழி பிறந்தது. 2014-இல் அகசாகி, அமனோ இருவரோடு அவருக்கும் நோபல் பரிசு.

"சரிடா, பவளம் எங்கே?" என்றேன். சிரித்தான்.

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்துத் தீர்த்த காலம் உண்டு. 1986-இல் அங்குள்ள 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2001-இல் பாறை கட்டும் பவளங்களை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு, சேர்த்தார்கள். நம் கடல் பவளத்தில் துண்டு ஒன்றை எடுத்து வீட்டில் வைத்தாலும் குற்றம்.

இப்போது விளக்கு எரிகிறது. கீழே பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள் இரண்டு, வெறும் கல்.