காரியதரிசிகளின் காங்கிரஸ்

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் ஊர் வழியாகப் போகும் பாசஞ்சர் ரயில் சம்பந்தமாக எங்கள் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. நல்ல தமிழில், மரியாதையாக, நான் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னதோடு நான் கேட்க மறந்த ஒரு விவரத்தையும் விசாரித்துச் சேர்த்து எழுதியிருந்தது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் அங்கத்தினரையே நேரில் சந்திக்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. வந்தனம் சொன்னேன். அவர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, பின்னால் கைப்பையும் கையுமாக நின்ற ஓர் இளைஞரைக் காட்டி, "அதெல்லாம் தம்பி பார்த்துக்கும்!" என்றார். தம்பி வெட்கத்துடன் கும்பிட்டார்.

ராஜாக்களின் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். மந்திரிகளின் சரித்திரமும் எழுதியிருக்கிறார்கள். தம்பிகளின் சரித்திரம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாமென்று அன்றைக்குத் தோன்றியது. தேடிக்கொண்டு போனபோது நான் போய்ச் சேர்ந்த இடம் வாஷிங்டன். அமெரிக்காவின் சட்டசபை அங்கேதான் இருக்கிறது. அதற்குக் காங்கிரஸ் என்று பெயர். நமக்குக் காங்கிரஸ் என்றால் கட்சி. அவர்களுக்கோ செனட், பிரதிநிதி சபை என்ற இரண்டு சபைகளும் சேர்ந்ததுதான் காங்கிரஸ்.

அந்தக் காங்கிரஸ் 1789-ல் கூடத் தொடங்கியது. அதன் பிறகு சுமார் நூறு வருஷ காலம், சாதாரண அங்கத்தினர் ஒருவருக்குச் சர்க்கார் செலவில் ஒரு குமாஸ்தாகூடக் கிடையாது. சபையில் அவர் உட்காரும் மேஜைதான் அவருடைய ஆபீஸ். தொகுதியிலிருந்து வரும் கடிதங்களுக்கு அவரே பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பதில் எழுத வேண்டும். வசதியுள்ளவர் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்வார்; இல்லாதவர் மனைவியையோ மகளையோ எழுதச் சொல்வார். 1880-களில் செனட்டர்களுக்கும், 1893-ல் பிரதிநிதி சபை அங்கத்தினர்களுக்கும் குமாஸ்தா வைத்துக்கொள்ளப் பணம் அனுமதிக்கப்பட்டது. பிரதிநிதி சபையில் அந்தத் தொகை மாதம் 100 டாலர். அதுவும் முதலில் சபை கூடியிருக்கும் காலத்துக்கு மட்டுந்தான். அங்கத்தினர்களுக்கென்று தனி அறைகளோடு ஒரு கட்டிடம் எழும்பியது 1908-ல்.

குமாஸ்தா வந்துவிட்டார், அவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பது யார்? கேட்பாரில்லை. தொகுதியில் தெரிந்த குடும்பத்துப் பையன், தேர்தலில் உழைத்தவரின் மருமகன், இப்படித்தான் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஊரிலிருந்து ரயிலேறி வந்த பையன், எந்த இலாகாவின் கதவை எப்படித் தட்டுவது, மசோதா எந்தக் கமிட்டியில் தூங்குகிறது என்பதையெல்லாம் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விஷய ஞானத்துக்காக ஏற்பட்ட உதவி சற்று முன்னதாகவே வந்தது. விஸ்கான்ஸின் மாகாணத்தில் சார்லஸ் மெக்கார்த்தி என்பவர் 1901-ல் சட்டசபைக்கென்று ஓர் ஆராய்ச்சி நூலகம் தொடங்கினார். அதைப் பார்த்து 1914-ல் வாஷிங்டனிலும், காங்கிரஸ் நூலகத்தில் அப்படி ஒரு பிரிவு ஏற்பட்டது. புத்தகம் அங்கே கிடைக்கும், தொழில் கிடைக்காது.

ஆகவே காரியதரிசிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டார்கள். 1919-ல் அவர்கள் கூடி ஏற்படுத்திய சங்கத்துக்குச் "சின்னக் காங்கிரஸ்" என்று பெயர். பெரிய சபையின் விதிகளையே இங்கும் வைத்துக்கொண்டார்கள். சபாநாயகர் உண்டு, தீர்மானம், திருத்தம், விவாதம், ஓட்டு எல்லாம் உண்டு. பகலில் எஜமானர் செய்வதை ராத்திரியில் காரியதரிசி செய்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் ஊரில் குழந்தைகள் கொட்டாங்கச்சியில் மண் சோறு சமைத்து விளையாடுவார்களே, அதுபோல என்று சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் மண் சோறு சமைத்த குழந்தைதானே பிற்பாடு அடுப்படிக்குள் நுழைகிறது!

1931-ம் வருஷம் டிசம்பர் மாதம் டெக்ஸாஸிலிருந்து ஒரு காரியதரிசி வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தார். வயது இருபத்து மூன்று, நெட்டையான உருவம். அதுவரை பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ரிச்சர்டு கிளேபெர்க் என்ற புது அங்கத்தினர் அவரை அமர்த்திக்கொண்டார். கிளேபெர்க் பெரிய கால்நடைப் பண்ணைக் குடும்பத்துப் பிரபு. கோல்ஃப் விளையாட்டில் இருந்த ஊக்கம் அவருக்கு ஆபீஸ் கடிதங்களில் இல்லை. கடித மூட்டைகள் காரியதரிசியின் தலையில் விழுந்தன. அந்தக் காரியதரிசியின் பெயர் லிண்டன் ஜான்ஸன்.

காரியதரிசிகள் பலர் தங்கியிருந்த டாட்ஜ் ஹோட்டலின் நிலவறையில் அவருக்கும் ஓர் அறை கிடைத்தது. குளிக்கும் அறை எல்லோருக்கும் பொது. முதல் நாள் ராத்திரியே ஜான்ஸன் நாலு தடவை குளித்தாராம். மறுநாள் காலையில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாக ஐந்து முறை பல் தேய்த்தாராம். சுத்தத்தில் அவ்வளவு பற்றா என்று கேட்காதீர்கள். குளிக்க வருகிறவர்களையும் பல் தேய்க்க வருகிறவர்களையும் பிடித்துப் பேச்சுக் கொடுத்து, எந்த இலாகாவில் யாரைக் கேட்டால் காரியம் நடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஸ்நான யாத்திரை. காரியதரிசிக்கென்று ஒரு கலாசாலை இருந்திருந்தால், பாவம், ஒரு குளியலோடு நிறுத்தியிருப்பார்.

அப்போது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். கடன்பட்ட விவசாயிகளும், வேலையில்லாதவர்களும், பழைய யுத்தத்தின் சிப்பாய்களும் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார்கள். டெக்ஸாஸில் தம்மிடம் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி பெற்ற இரண்டு மாணவர்களை ஜான்ஸன் வரவழைத்து உடன் வைத்துக்கொண்டு, இரவு பகலாகப் பதில் போட்டார். ஹியூயி லாங் என்ற செனட்டர் பேச எழுந்தால் தமக்குத் தகவல் சொல்லும்படி வாசல் காவலரிடம் ஏற்பாடு செய்துகொண்டு, ஓடிப்போய்க் கேட்பார். தூங்கி வழிந்துகொண்டிருந்த சின்னக் காங்கிரஸில் 1933-ல் சபாநாயகராகப் போட்டியிட்டார். அதுவரை கூட்டத்துக்கே வராத தபால் பையன்களையும் லிஃப்ட்காரர்களையும் அழைத்து வந்து ஓட்டுப் போடச் செய்து ஜெயித்தார் என்று சொல்லுகிறார்கள். தேர்தல் தந்திரத்தையும் அங்கேயே கற்றுக்கொண்டார் போலும்! 1937-ல் அவரே காங்கிரஸ் அங்கத்தினர்; 1949-ல் செனட்டர்; 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி.

கதை இத்தோடு முடிந்தால் நமக்கெல்லாம் திருப்தியாக இருக்கும். ஏழைப் பையன் உழைத்து உயர்ந்தான் என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அதே வளாகத்தில், அதே உத்தியோகத்தில், அதே காலத்தில் இன்னொரு காரியதரிசி இருந்தார். அவரைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அந்தத் திருப்தி நிலைக்கவில்லை.

அவர் பெயர் மாரிஸ் லூயிஸ். சிகாகோவிலிருந்து வந்த ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்ற அங்கத்தினரின் அந்தரங்கக் காரியதரிசி. டி பிரீஸ்ட் அன்றைய காங்கிரஸ் முழுவதிலும் இருந்த ஒரே கறுப்பர், லூயிஸும் கறுப்பர். 1934 ஜனவரியில் ஒரு நாள் லூயிஸ் தம் மகனை அழைத்துக்கொண்டு பிரதிநிதி சபையின் உணவு விடுதிக்குச் சாப்பிடப் போனார். கறுப்பர்களுக்கு இங்கே சாப்பாடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெற்ற மகன் பக்கத்தில் நிற்கும்போது! டி பிரீஸ்ட் சும்மா இருக்கவில்லை. விசாரணை வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அதைக் கமிட்டியிலிருந்து வெளியே இழுக்க 145 அங்கத்தினர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது, அதையும் சேகரித்தார். விசாரிக்க ஐந்து பேர் நியமிக்கப்பட்டார்கள். மூன்றுக்கு இரண்டு என்று முடிவு; விடுதியின் வழக்கம் மாறவில்லை. அந்த வருஷத் தேர்தலில் டி பிரீஸ்டும் தோற்றுப்போனார்.

ஜான்ஸனுக்குக் குளியலறையே கலாசாலையாயிற்று. லூயிஸுக்குச் சாப்பாட்டு மேஜையே மூடிக்கிடந்தது. மற்றக் காரியதரிசிகளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசித் தொழில் தெரிந்துகொள்வதற்கு இடமில்லாதவன் எந்த ஏணியில் ஏறுவது? பத்தொன்பது வருஷம் கழித்து, 1953-ல், செனட்டர் ஸ்டூவர்ட் ஸைமிங்டனின் ஆபீஸில் கிறிஸ்டீன் மெக்ரியரி என்ற கறுப்பினப் பெண்மணி காரியதரிசியாகச் சேர்ந்தார். செனட் உணவுச்சாலையில் அவரைத் தடுத்து, இது செனட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் என்றார்களாம். நானும் செனட்டில்தான் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். எல்லோரும் வெறித்துப் பார்த்தார்கள். அவர் மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். பார்த்தவர்களுக்குத்தான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிற்று.

1964-ல் ஜனாதிபதி ஜான்ஸன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறம் பார்த்தும், ஆண் பெண் என்று பார்த்தும் வேலையில் பாகுபாடு செய்வதை அந்தச் சட்டம் தடுத்தது. நாட்டின் மகத்தான சட்டங்களில் ஒன்று அது. ஆனால் காங்கிரஸ் அங்கத்தினர்களின் சொந்த ஆபீஸ்களை அது தொடவில்லை. 1972-ல் சட்டத்தை விரித்தபோதும் தொடவில்லை. ஊருக்கெல்லாம் விதி எழுதிய கட்டிடம் தனக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது. பழைய காரியதரிசியே ஜனாதிபதியாக இருந்த காலத்திலும் காரியதரிசிகளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வரவில்லை என்பதை நினைத்தால் வேதனையாகத்தான் இருக்கிறது.

இந்த விலக்கின் பலன் 1974-ல் வெளிப்பட்டது. லூயிசியானாவைச் சேர்ந்த ஓட்டோ பாஸ்மன் என்ற அங்கத்தினர் தம் ஆபீஸிலிருந்த டேவிஸ் என்ற பெண்மணியை வேலையிலிருந்து நீக்கினார். நீக்கிய கடிதத்தில், அவர் திறமைசாலி, கடுமையாக உழைப்பவர் என்று புகழ்ந்துவிட்டு, இந்த ஸ்தானத்துக்கு ஓர் ஆண்தான் வேண்டும் என்று எழுதிவிட்டார்! சட்டம் கைகொடுக்காததால், அந்தப் பெண்மணி அரசியல் சாசனத்தையே ஆதாரமாகக் கொண்டு வழக்குத் தொடுத்தார். அவருக்கு நஷ்டஈடு கேட்டு வழக்காட உரிமை உண்டு என்று 1979-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கடைசியில், 1995-ல், மற்றவர்களுக்கு விதித்த தொழில் சட்டங்கள் தனக்கும் பொருந்தும் என்று காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது.

இன்று பிரதிநிதி சபை அங்கத்தினர் ஒருவர் 18 நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். 1914-ல் பிறந்த ஆராய்ச்சிப் பிரிவு 1970-ல் விரிந்து, இப்போது ஊழியர்களுக்கு வகுப்புகளும் நடத்துகிறது. சம்பளமில்லாமல் வேலை பழக வரும் இளைஞர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்துவிடுகிறார்கள் என்ற குறையைப் போக்க, 2019-ல் பிரதிநிதி சபையில் ஓர் ஆபீஸுக்கு 20,000 டாலர் என்று அவர்களுக்காக ஒதுக்கினார்கள். 2022-ல் அந்தச் சபையின் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்துக்கொள்ளவும் வழி பிறந்தது. 1893-ல் கிடைத்த நூறு டாலரிலிருந்து இவ்வளவு தூரம் வர நூற்று இருபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இதிலே நமக்கென்ன என்று கேட்கலாம். கஷ்டப்படுகிற ஒருவன் எந்த நாட்டிலும் தன் பிரதிநிதிக்குத்தான் கடிதம் எழுதுகிறான். அதைப் பிரித்துப் படிப்பவர் வேறொருவர். அவர் தொழில் தெரிந்தவராகவும், நாளைக்கும் வேலை இருக்கும் என்ற தைரியம் உள்ளவராகவும் இருந்தால் கடிதம் காரியமாகும். இல்லாவிட்டால் காகிதமாகவே கிடக்கும்.

எங்கள் ஊர் ரயில் இப்போது சரியான நேரத்துக்கு வருகிறது. கல்யாண வீட்டில் கைப்பையோடு நின்ற அந்தத் தம்பி தொழிலை எங்கே கற்றுக்கொண்டார், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் விசாரித்திருக்கலாம். அவர் பெயரையாவது கேட்டிருக்கலாம். பந்திக்கு அழைத்தார்கள், போய்விட்டேன்.