நகரத்தைக் கட்டின கை

ஜோன் கேன் (1860–1934) பற்றி எதை வாசித்தாலும் "தானாகக் கற்ற ஓவியர்" எண்ட அடைமொழி கூடவே வரும். அது மரியாதையா, வேலியா?

ஸ்கொட்லாந்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். 19 வயதில் வேலை தேடி அமெரிக்கா போனார். பிற்ஸ்பேர்க் பக்கம் நிலக்கரிச் சுரங்கம், உருக்காலை, வீதிக்குக் கல் பதிக்கிறது எண்டு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1891இல் ரயில் மோதி ஒரு கால் போனது. பொய்க்காலோட ரயில்வே காவலாளியானார்; பிறகு ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பெட்டிகளிலேயே படம் வரைவார். வேலை தொடங்கினதும் அதுக்கு மேலேயே பெயின்ற் அடிப்பார். அவற்றில ஒண்டும் இண்டைக்கு இல்ல.

1927இல், 67 வயதில், கார்னகி சர்வதேசக் கண்காட்சி அவருடைய ஓவியமொன்றை ஏற்றது. பத்திரிகைகள் கொண்டாடின. கொஞ்சக் காலத்திலேயே, புகைப்படங்களுக்கு மேல் வர்ணம் பூசினவர் எண்டு அவர் மேல் குற்றச்சாட்டு வந்தது. புகைப்படங்களைப் பெருப்பித்து, வர்ணம் பூசி, வீடுவீடாக விற்றது அவருடைய பிழைப்பு. டெகாவும் புகைப்படங்களைப் பயன்படுத்தினவர்தான். ஆனா அவரை ஓவியரே இல்ல எண்டு ஆரும் சொல்லேல்ல.

கேனின் 'மொனொங்கஹேலா ஆற்றுப் பள்ளத்தாக்கு' (1931) ஓவியத்தில் ஆறு, ரயில், ஆலை, வீடு எல்லாம் தனித்தனியாகத் துலக்கமாகத் தெரியும். மலைகள் பச்சை. உண்மையான பிற்ஸ்பேர்க் கரும்புகைக்குப் பேர்போன ஊர். அப்ப இது பொய்யா? எனக்கு அப்படிப் படேல்ல. தூரத்தில நிண்டு பார்க்கிறவருக்கு அந்த ஊர் ஒரு புகைமூட்டம். அங்க கல் பதிச்சவருக்கு ஒவ்வொரு பாதையும் தனித்தனியாத் தெரியும். இந்த ஊரைக் கட்டினதில தனக்கும் பங்கிருக்கு எண்டு அவரே சொல்லியிருக்கிறார்.

ஆனா அந்த ரயில் அவருடைய காலை எடுத்தது படத்தில இல்ல. அந்த உழைப்பின் விலையைப் பார்க்க அவருடைய 1929ஆம் ஆண்டுச் சுயஉருவப்படத்துக்குத்தான் போகவேணும்: வெற்று மார்போட, நேராக எங்களைப் பார்க்கிற ஒரு கிழட்டுத் தொழிலாளி. நகரத்தை அழகாக வரைந்தவர் தன்னை அழகாக்கேல்ல.

"கல்லூரியில் கற்ற ஓவியர்" எண்டு நாங்கள் ஆரையும் அறிமுகப்படுத்துறதில்ல. கேனுக்கு மட்டும் ஏன் அந்த அடைமொழி? சுரங்கமும் ஆலையும் ரயில் பெட்டியும் அவருக்குக் கற்றுத் தந்ததை, நாங்கள் இன்னும் படிப்பு எண்டு எண்ணத் தொடங்கேல்ல.