காற்றும் நிலக்கரியும்

நாகூர், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து நம் மரக்காயர் முன்னோர் பாய்விரித்துக் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்ற வரலாற்றை நாம் பெருமையுடன் பேசுகிறோம். அவ்வாணிகம் குன்றியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை இன்று நாம் சிந்தித்தல் வேண்டும்.

காற்றுக்கு விலையில்லை, நிலக்கரிக்கு விலையுண்டு. நீராவிக் கப்பலுக்குப் பெரும் மூலதனமும் தேவை. கல்கத்தா-ரங்கூன் அஞ்சலுக்கென 1856இல் அமைந்து, 1862இல் பிரிட்டிஷ் இந்தியா எனப் பெயர் மாற்றிக்கொண்ட கப்பல் கம்பெனி, அரசின் அஞ்சல் ஒப்பந்தப் பணத்தை ஊன்றுகோலாகக் கொண்டு வளர்ந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவியின் கை மேலும் ஓங்கிற்று. பாய்க்கப்பல் உடைய நம்மவர்க்கு அத்தகைய ஊன்றுகோல் இல்லை. ஆகவே அவர்களை வென்றது இயந்திரம் மட்டுமன்று. மூலதனமும் அரசின் ஆதரவும் சேர்ந்தே வென்றன.

இன்று உலகம் நிலக்கரியை விட்டு மீண்டும் காற்றையும் கதிரவனையும் நாடுகிறது. முப்பந்தலிலே காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றுக்கு இன்றும் விலையில்லை. ஆலைக்கும் நிலத்துக்கும் உண்டு. பயன் முழுவதும் மூலதனம் உடையோரிடமே தங்குமாயின், சுரங்கத் தொழிலாளியும் சிறு நிலத்துக்காரரும் அன்றைய மாலுமிகளைப் போலக் கரையில் நிற்க நேரும்.

நீரும் புல்லும் நெருப்பும் மக்கள் அனைவர்க்கும் பொது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அந்நெறியைப் புதிய நெருப்புக்கும் உரியதாக்குவது நம் கடமையன்றோ!